தேராகிப்போன மீன்பாடி வண்டி

எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீசில் எனக்கு வேலை. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று வருடக்கணக்கில் எழுதியவனுக்கு எதையும் தேதி இல்லாமல் எழுத வராது. வீட்டிலும் அப்படித்தான். மிக்ஸி பழுது பார்த்த நாள், புதுக் குடை வாங்கிய நாள், எங்கள் திருவொற்றியூர் தெருவில் முதல் பிரவுசிங் சென்டர் திறந்த நாள் எல்லாம் என் டைரிகளில் உண்டு. "மாப்பிள்ளைன்னு சொல்லி ஒரு காலண்டரைத் தலையில கட்டிட்டாங்க" என்று என் மனைவி உறவினர்களிடம் சொல்வாள்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற ஏற்பாட்டில் இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருப்பதை 2006 கடைசியில் தெரிந்துகொண்டேன். ஆங்கிலத்தில் பெரிதாக இருந்தது, தமிழில் சின்னதாக வளர்ந்துகொண்டிருந்தது. எனக்காகவே யாரோ செய்து வைத்ததைப் போல இருந்தது. முதல் வேலையாகச் சென்னையின் போக்குவரத்து பற்றிய பக்கத்தைத் திறந்தேன். மின்சார ரயில், மாநகரப் பேருந்து, ஆட்டோ, எப்போதோ நின்றுபோன டிராம், கை ரிக்‌ஷா எல்லாம் இருந்தன. மீன்பாடி வண்டி இல்லை.

காசிமேட்டுக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் இடையே ஒரு நாள் காலையில் நின்று பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதல் என்று தெரியும். முன்னால் இரண்டு சக்கரம், அவற்றின் மேல் கட்டில் அகலத்துக்கு ஒரு தட்டு, பின்னால் ஒரு சக்கரமும் ஓட்டுபவரின் சீட்டும். சரக்கு முன்னால் போகும், ஆள் பின்னால் உட்கார்ந்து தள்ளிக்கொண்டு போவதைப் போலிருக்கும். முதலில் மிதித்தார்கள். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் பழைய மொபெட்டின் என்ஜினைக் கழற்றி அதில் பூட்டினார். மீனும் ஐஸும் மட்டுமல்ல, இரும்புக் கம்பி, ஜவுளி மூட்டை, கல்யாணச் சீராக வரும் பீரோ கட்டில், சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி, எல்லாம் அதில்தான் வரும். நாங்கள் வீடு மாறியபோது எங்கள் முழுக் குடித்தனமும் இரண்டே நடையில் அதில் வந்து சேர்ந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை, ஷிப்ட் முடிந்ததும் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அதை நடத்தியவர் தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி. கீழே மளிகைக் கடை, மாடியில் ஆறு கம்ப்யூட்டர். நான் உட்கார்ந்து ஒரு வரி எழுதிச் சேமிக்கப் பார்த்தால், இந்த முகவரியிலிருந்து தொடர்ந்து நாசவேலை நடப்பதால் எழுத அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் அறிவிப்பு வந்தது. அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நாசவேலையா? நம்ம கடையவா சொல்லுதான்? நான் லைசென்ஸ் எடுத்துல்லா நடத்துதேன்!"

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. ஒரு நடிகரின் ரசிகர்கள் தினமும் அண்ணாச்சி கடையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, இன்னொரு நடிகரின் பக்கத்தில் போய்த் திட்டி எழுதிவிட்டு வந்திருக்கிறார்கள். ஆறு கம்ப்யூட்டருக்கும் சேர்த்து ஒரே இணைப்பு. அதனால் எங்கள் கடையே தடுக்கப்பட்டிருந்தது. பெயர் பதிவு செய்துகொண்டு உள்ளே போனால் எழுதலாம் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு சனிக்கிழமை ஆனது. அண்ணாச்சி அதற்குள் ஓர் அட்டையில் 'கம்ப்யூட்டரில் யாரையும் திட்டக் கூடாது' என்று எழுதி மாட்டிவிட்டார்.

தமிழில் ஒன்றரைப் பக்கம், ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதினேன். ஆண்டு போடவேண்டிய இடத்தில்தான் தடுமாறினேன். வண்டிக்கு மோட்டார் வந்தது எப்போது? காசிமேட்டில் ஞாயிறுதோறும் நான் மீன் வாங்கப் போகும் இடத்தில், ஐஸ் ஏற்றி ஓட்டும் வண்டிக்காரர் ஒருவர் பழக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரிடம் கேட்டேன்.

"எங்க அக்கா கண்ணாலத்துக்கு முன்னாடி மிதிச்சிகினு இருந்தோம். அப்பால மோட்டாரு வந்துச்சி."

"அக்கா கல்யாணம் எந்த வருஷம், அண்ணா?"

"அது அவுளுக்கே தெரியாது நைனா. மாமனாண்ட கேட்டா அந்தாளு அத்த மறக்கணும்னு பாத்துகினு கீறாரு."

'மோட்டார் பொருத்தப்பட்ட ஆண்டு தெரியவில்லை' என்று எழுதினேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு வாக்கியத்தை எழுதியது அதுதான் முதல் தடவை. ஆனால் உண்மையான வாக்கியம்.

பிறகு படம். என் மைத்துனரின் டிஜிட்டல் கேமராவை வாங்கிக்கொண்டு, வண்டிக்காரர் ஐஸ் ஏற்றும் நேரமாகப் பார்த்துப் போய் நின்றேன். அவர் கையை நீட்டி மறைத்துவிட்டார். "இன்னா சார் நீ, இப்டியா எடுப்ப? கலீஜா கீது. உலகமே பாக்குற புக்குன்ற. வர்ற ஞாயித்துக்கெயம வா. ரெடியா நிக்கிறேன்."

அடுத்த ஞாயிறு போனபோது வண்டியை அடையாளம் தெரியவில்லை. தட்டைத் தேய்த்துக் கழுவி மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார். நான்கு மூலையிலும் சந்தனம், குங்குமம். முன்பக்கம் இரண்டு வாழைக்கன்று, நடுவில் ஆளுயரத்துக்குச் சாமந்தி மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். மாலைக்கு நடுவில் வேளாங்கண்ணி மாதா படம், மாதாவுக்கும் ஒரு பொட்டு. வண்டிக்காரர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர். பக்கத்து வண்டிக்காரர்கள் கூடி நின்று, "இன்னா மாமு, வண்டிக்கா கண்ணாலம்?" என்று கலாய்த்தார்கள். அவர் எதையும் காதில் வாங்காமல் வண்டியின் பக்கத்தில் விறைப்பாக நின்றார். எடுத்தேன். பளிச்சென்று வந்தது. அன்று மாலையே இரண்டு பக்கங்களிலும் ஏற்றிவிட்டு, மிகத் திருப்தியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பார்த்தபோது ஆங்கிலப் பக்கத்தில் படம் இல்லை. அது வேறொரு பக்கத்துக்குப் போயிருந்தது. தென்னிந்தியக் கோயில் தேர்கள், ஊர்வல வண்டிகள் என்ற வரிசையில், பெரிய பெரிய கோபுரத் தேர்களுக்குக் கீழே எங்கள் ஐஸ் வண்டி நின்றது. 'இந்துக் கோயில் ஊர்வலத்தில் தெய்வப் படத்தை ஏந்திச் செல்லும் சடங்கு வண்டி' என்று குறிப்பு. நான் எழுதிய அரைப் பக்கத்தின் தலையில் ஓர் அறிவிப்பு: எழுதியிருப்பதற்கும் படத்துக்கும் பொருத்தம் இல்லை, அச்சில் வந்த சான்று ஒன்றும் இல்லை, இது நீக்கப்படலாம், இரண்டு வாரத்துக்குள் கருத்துச் சொல்லலாம்.

அறிவிப்பைப் போட்டவர் ஏதோ ஒரு குளிர் நாட்டுக்காரர். அவருடைய சொந்தப் பக்கத்தில் பனி மூடிய ஒரு ரயில் நிலையத்தின் படம் இருந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டிகளைப் பற்றி ஏற்கெனவே ஒரு பக்கம் இருக்கிறது, இது அதில் ஒன்று என்றால் சான்று காட்டுங்கள் என்றார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? மாலையும் பொட்டும் வாழைக்கன்றுமாக ஒரு வண்டியைக் காட்டி, இதில் ஐஸ் ஏற்றுவார்கள் என்றால், பார்க்காத எவர்தான் நம்புவார்? ஆனால் அவர் ஊரில் யாராவது தன் லாரியைத் துடைத்து மெருகேற்றிப் படம் எடுத்துப் போட்டால், அதைச் சடங்கு லாரி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தோன்றாமல் இல்லை.

தமிழ்ப் பக்கத்தில் வேறு மாதிரித் தொல்லை. அங்கே ஒரு தமிழர், நன்றாகப் படித்தவர், தமிழும் சுத்தமாக எழுதுகிறவர், இப்படிச் சொல்லியிருந்தார்: மோட்டார் பொருத்திய இந்த வண்டியைச் சட்டம் ஏற்கவில்லை. நகரத்துக்கு இதனால் நற்பெயரும் இல்லை. கலைக்களஞ்சியத்தில் இதற்குத் தனிப்பக்கம் தேவையா? சாவு வீட்டு ஐஸ் பெட்டி என்ற சொற்களை, மங்கலமாக இல்லை என்று அவரே எடுத்தும் விட்டிருந்தார்.

இரண்டு வாரம் இருந்தது. சான்று தேடி இரண்டு மாலை வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு நூலகத்தில் பழைய நாளிதழ்க் கட்டுகளைப் பிரித்தேன். மீன்பாடி வண்டி அவற்றில் வராமல் இல்லை. பறிமுதல், விபத்து, போக்குவரத்து நெரிசல், மறுபடியும் பறிமுதல். ஒவ்வொரு நாளும் ஆயிரம் வீட்டுக்கு மீன் கொண்டுபோய்ச் சேர்த்ததை எந்த நிருபர் செய்தியாக எழுதுவார்? அச்சில் வந்ததை மட்டும் வைத்து எழுதினால், பிறந்தது முதல் குற்றத்தைத் தவிர அந்த வண்டி வேறெதுவும் செய்ததில்லை என்றுதான் முடிக்கவேண்டும். எங்கள் பக்கத்துப் பேட்டைகளைப் பற்றி அந்தக் கலைக்களஞ்சியத்தில் இருந்த பக்கங்களும் ஏன் வெறும் குற்றப் பட்டியலாக இருந்தன என்று அப்போதுதான் புரிந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. சலித்து எடுக்கும் சல்லடையின் கண்கள் அந்த அளவில் இருந்தன, அவ்வளவுதான்.

ஞாயிறு காலை காசிமேடு போய் வண்டிக்காரரிடம் நிலவரத்தைச் சொன்னேன். அவர் ஐஸ் பாளத்தைக் கொக்கியால் இழுத்துக்கொண்டே கேட்டார்.

"இன்னான்னு போட்டுகீறான்?"

"கோயில் தேர்னு, அண்ணா. சாமி ஊர்வலத்துல போற வண்டின்னு."

கொக்கியை நிறுத்தினார். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"ஷோக்கா போட்டுகீறான் நைனா! அப்டியே வுட்டுடு. ஒரு பிரிண்ட்டு எடுத்துக் குடு. டிராபிக்காரன் மடக்கினாக்கா காட்டுறேன். சாமி வண்டிய எவன் புடிப்பான்?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்ததில் நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்தபின், அப்படி விட்டால் ஒரு வாரத்தில் மீன்பாடி வண்டி என்று ஒன்று இல்லை என்றாகிவிடும், தேர் மட்டும்தான் இருக்கும் என்று விளக்கினேன். கொக்கி மறுபடி நின்றது.

"இல்லன்னு ஆயிடுமா? நான் பேட்ட பூரா சொல்லிகினு திரிஞ்சேனே, நம்ம வண்டி உலக புக்குல கீதுன்னு. எங்க சம்பந்தியாண்ட வேற சொல்லிட்டேன். அந்தாளு சும்மாவே பேசுவான்."

"அதான் அண்ணா, மாலை, பொட்டு எல்லாம் எடுத்துட்டு, சாதாரணமா வேலை செய்யுற மாதிரி ஒரு படம் எடுத்துக்கறேன். அப்போ யாரும் தேர்னு சொல்ல முடியாது."

மஞ்சள் பெயின்டின் மேல் சந்தனம் இன்னும் அழியாமல்தான் இருந்தது. மாலை வாடியிருந்ததால் அன்று காலைதான் புது மாலை மாற்றியிருந்தார். படம் எடுத்த வண்டி என்பதால் அதற்கு ஒரு மதிப்புக் கூடியிருந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன் கண்ணால போட்டோல டூட்டி டிரெஸ்லயா நின்ன?"

"இல்ல."

"பட்டு வேட்டிதான? மால போட்டுகினுதான? அத்த பாத்துட்டு எவனாச்சும் உன்ன சாமின்னு சொன்னானா? இந்தாளு மனுசன் இல்ல, டைம் ஆபீஸ்ல வேல செய்யலன்னு சொன்னானா? அவனுக்குத் தெர்லன்னா அவனுக்குத் தெர்ல. அதுக்கு எம்மாதா பொட்ட நான் ஏன் அழிக்கணும்?"

குளிர் நாட்டுக்காரர் அறியாமல் செய்ததை, இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான் அறிந்தே செய்யப் பார்த்திருக்கிறேன். யாரோ தூரத்தில் இருப்பவருக்கு வண்டியாகத் தெரியவேண்டும் என்பதற்காக, அதை ஓட்டுகிறவருக்கு அது என்னவாக இருக்கிறதோ அதைக் கழுவிவிடச் சொன்னேன்.

வண்டிக்காரர் அதற்குள் ஐஸ் பாளத்தைத் தட்டில் தள்ளி, உமியைப் போட்டு, சாக்கை மூடிக்கொண்டிருந்தார். மாலையைக் கழற்றவில்லை. பாளம் ஏறஏற மாலை நசுங்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டினார். மேலே இரண்டு காலி மீன் கூடைகளை வைத்தார். மீன் எடுக்கக் கூட வந்திருந்த அவருடைய மனைவி அவற்றின் மேல் ஏறிக் குந்தினார். என்னைப் பார்த்து அந்த அம்மாள்தான் சொன்னார்: "இன்னா வாயப் பொளந்துகினு நிக்கிற சார்? பூ போட்டாக்கா வண்டி ஓடாதா? எடு, ஐஸு கரையுது."

எடுத்தேன். ஏழு படம். ஆறில் அந்த அம்மாள் கணவரைத் திட்டிக்கொண்டிருக்கிறார். ஏழாவதில் சிரிக்கிறார். பொட்டு, மாலை, மாதா, சொட்டுகிற சாக்கு, கூடை, புகை எல்லாம் ஒரே படத்தில் இருந்தன.

அன்று மாலை அண்ணாச்சி கடையில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் ஓரத்தில் இருந்த பலகையைக் கவனித்தேன். வண்டி நிறுத்தும் இடத்துக் கட்டணப் பலகை. சைக்கிள், இரு சக்கர வாகனம், ஆட்டோ, மீன்பாடி வண்டி, வேன், லாரி என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் தொகை போட்டிருந்தது. அண்ணாச்சி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"சட்டத்துல கெடையாதுங்கான், ஆனா நிறுத்துனா மட்டும் துட்டு குடுங்கானா? நல்லா இருக்கே நியாயம்!"

படத்தை ஏற்றி, கீழே இப்படி எழுதினேன்: 'ஐஸ் ஏற்றிச் செல்லும் மீன்பாடி வண்டி, காசிமேடு. அலங்காரம், படம் எடுப்பதற்காக உரிமையாளர் விரும்பிச் செய்தது.' பலகையில் உள்ளதைச் சான்றாக மொழிபெயர்த்தும் போட்டேன். குளிர் நாட்டுக்காரர் மறுநாளே பதில் எழுதினார். படத்தைத் தவறாக எடுத்துக்கொண்டதற்கு வருந்துவதாகவும், பெண்மணியின் சிரிப்பு பிடித்திருப்பதாகவும் சொன்னார். ஆனால் தனக்குத் தமிழ் தெரியாது, பலகையில் நான் சொல்வதுதான் இருக்கிறது என்று தமிழ் தெரிந்த இன்னொருவர் உறுதி சொன்னால் நல்லது என்றார். நியாயமான கேள்வி.

இரண்டு நாள் யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து உறுதி சொன்னவர், தமிழ்ப் பக்கத்தில் எனக்கு எதிராக எழுதிய அதே தமிழர். பலகையில் இருக்கும் ஆறு வகைகளையும் ஒன்று விடாமல் ஆங்கிலத்தில் எழுதி, நான்காவதாக இருப்பது இந்த வண்டிதான் என்று சொல்லியிருந்தார். தமிழ் உரையாடல் பக்கத்தில் எனக்கு ஒரு குறிப்பும் வைத்திருந்தார். இந்த வண்டியைச் சட்டம் ஏற்கவில்லை என்ற ஒரு வரி இருந்தால் பக்கத்தை வைத்துக்கொள்வதில் தனக்கு மறுப்பில்லை என்று. அது உண்மைதான். சேர்த்தேன். கூடவே சாவு வீட்டு ஐஸ் பெட்டியையும் திரும்பச் சேர்த்து, இதுவும் உண்மைதான் என்று எழுதினேன். அதை அவர் மறுபடி எடுக்கவில்லை.

ஆங்கிலத்தில் தனிப்பக்கம் நிற்கவில்லை. உலகத்து மூன்று சக்கரச் சரக்கு வண்டிகளின் பக்கத்தில் நான்கு வரியும், ஏழாவது படமும் இடம்பெற்றன. தேர்களின் வரிசையிலிருந்து எங்கள் வண்டி இறங்கியது. தமிழில் ஒன்றரைப் பக்கமும் நின்றது. நான் கேட்டதற்குக் குறைவுதான். ஆனால் எழுதியிருந்த ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தது. அந்த மாதிரிக் குறைவோடு என்னால் நிம்மதியாகத் தூங்க முடியும்.

அடுத்த ஞாயிறு மத்தியானம், வண்டிக்காரரும் அவர் மனைவியும் சம்பந்தியும் அண்ணாச்சி கடைக்கு வந்தார்கள். வண்டியிலேயே வந்தார்கள். மாடியில் மூன்று நாற்காலி இழுத்துப் போட்டு அண்ணாச்சி கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். திரையில் படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் வானம், பிறகு கூடை மேல் இருந்த அந்த அம்மாளின் தலை, பிறகு மாலை.

"பல்லு தெரியுது பாரு," என்று அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

சம்பந்தி கிட்டப் போய்ப் பார்த்தார். "வெறும் நாலு லைன்தான் கீது?"

"இங்கிலீஷ்ல நாலு லைன்னா தமிழ்ல ஒன்ற பக்கம்பா," என்றார் வண்டிக்காரர், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். பிறகு என் பக்கம் திரும்பினார். "இத்த எவன் வோணா அழிக்கலாமா நைனா?"

"அழிக்கலாம், அண்ணா. யார் வேணும்னாலும் மாத்தலாம். அதுதான் அந்தப் புத்தகத்தோட வழக்கம்."

"அப்ப நீ பாத்துகினு இரு," என்றார், ஐஸ் வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்வதைப் போல.

பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருடமும் அடுத்த வருடமும், சனிக்கிழமை மாலைகளில், வேறு எதையும் திறப்பதற்கு முன் அந்த இரண்டு பக்கங்களையும் திறப்பேன். ஒரு தடவை யாரோ பொட்டு வைத்த மாதா படத்தை மட்டும் தனியாக வெட்டியெடுத்து வேறெங்கோ போட்டிருந்தார்கள். பேசி, அங்கும் முழுப் படத்தையே வைக்கச் செய்தேன். வேறு ஒரு நாள் பார்த்தால் நம் நான்கு வரிக்குக் கீழே, எந்த நாடோ தெரியாது, கடற்கரை ஊர்க்காரர் ஒருவர் தன் ஊர் வண்டியைச் சேர்த்திருந்தார். முன்னால் தட்டு, பின்னால் ஆள், தட்டில் மீன். கைப்பிடியில் ஏதோ ஒரு பூவைக் கட்டியிருந்தார்கள். அது எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. படம் எடுக்கப் போகிறார்கள் என்று ஓட்டுகிறவருக்குத் தெரிந்திருக்கும்.